பிரேக் இல்லாத பக்கம்

சிவப்பு விளக்கு விழுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பாகவே அக்காவின் வலது கால் பிரேக்கை மிதித்துவிடும். சங்கடம் என்னவென்றால், அவர் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் பிரேக்கே கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் கார் வாங்க வந்த யாரோ ஒருவர். அக்கா மிதிப்பது காலடியில் கிடக்கும் மிதியடியை. ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கென்று நிற்கும் நான்கு வண்டிகளிலும் அந்த ஒரு இடத்தில் மட்டும் மிதியடி வழுக்கை விழுந்து கிடக்கிறது.

பத்தொன்பது வருடம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவர். அந்த வண்டிகளில் சொல்லித்தருபவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பள்ளியின் முதலாளி கடையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டோடு போய்விட, அக்கா இந்த ஷோரூமுக்கு வந்து சேர்ந்தார். பிரேக் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. "ஏறி உக்காந்தா அதுவா போகுது, நான் என்ன பண்ண?" என்பார். லிப்ட் மெக்கானிக்கான கணவர் ஸ்கூட்டர் ஓட்டும்போதும் பின்னால் உட்கார்ந்து மிதிக்கிறார். போன மாதம் தூக்கத்தில் மிதித்த ஒரு மிதியில் மனுஷர் கட்டிலிலிருந்து கீழே. காலையில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாளாவது ஆக்சிலேட்டர மிதிக்கக் கூடாதா?" என்று கேட்டதை அக்காவே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

'பிரேக் அக்கா' என்ற பெயர் பழைய மாணவர்கள் வைத்தது. அவர்களில் ஒருவர்தான் இன்றைக்கு ஷோரூமின் மேனேஜர். லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவர். வாடிக்கையாளர்களின் முன்னால் அக்காவை 'மேடம்' என்பார், அறைக்குள் போனதும் 'அக்கா' ஆகிவிடுவார். அவர் கோட்டை விட்ட கதையை அக்கா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல மாட்டேன் என்பதை மட்டும் அடிக்கடி சொல்வார்.

வாடிக்கையாளர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வண்டியின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்வதுதான் வேலை. அதை ஒன்றரை நிமிடத்தில் ஒப்பித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் ஆளைப் பார்ப்பார். முகத்தை அல்ல. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே வரும்போதே எல்லோரும் முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் வருகிறார்கள் என்பது அவருடைய கட்சி. அக்கா பார்ப்பது கையையும் காலையும். நடுக்கண்ணாடியைத் திருப்பித் தன் தலைமுடியைப் பார்த்துக்கொள்ளும் ஆண்கள் வெள்ளை நிறக் கார் வாங்குவதே இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், அதுதான் தனக்கும் பிடிபடவில்லை என்று உண்மையிலேயே கவலைப்படுவார்.

ஒருவர் வண்டியைக் கிளப்பவே இல்லை. ஹாரனை மூன்று முறை அடித்துப் பார்த்தார், இறங்கினார், வாங்கிவிட்டார். இன்னொருவர் பின் இருக்கையில் முழங்காலை மடக்கிப் படுத்து, பத்து நிமிடம் கண்ணை மூடியிருந்துவிட்டு, எழுந்து வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். அந்த ஆளுக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ என்று அக்காவுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி குழந்தைகளின் தள்ளுவண்டியைக் கையோடு கொண்டுவந்து, ஒவ்வொரு காரின் டிக்கியிலும் தூக்கி வைத்துப் பார்த்தாள். சேல்ஸ்மேன்கள் வாய்க்குள் சிரித்தார்கள். அக்கா ஓடிப்போய் ஒரு கை கொடுத்தார். இத்தனை வருடத்தில் கடைக்கு வந்தவர்களிலேயே விவரமானவள் அவள்தான் என்று இன்றும் சாதிப்பார்.

விலையைப் பற்றி மட்டும் அவரிடம் வாயைத் திறக்கக் கூடாது. அது என் டிபார்ட்மென்ட் இல்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மற்றபடி எதைக் கேட்டாலும் கொட்டிவிடுவார். வண்டியில் ஏறியதும் ஏசியையும் பாட்டையும் அணைக்கச் சொல்வார். "ரெண்டையும் நிறுத்துங்க, அப்பதான் வண்டி பேசுறது கேக்கும்." இந்தச் சலுகை இன்றோடு முடிகிறது என்று உள்ளே சொன்னார்களே என்று யாராவது பதறினால், நாளைக்கு வந்து கேளுங்கள், நாளைக்கும் இன்றோடுதான் முடியும் என்பார். புது வண்டியை எடுக்கும்போது கடை விளக்கில் பார்க்காதீர்கள், வெயிலில் நிறுத்தி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்; கடை விளக்கில் கீறல்கூட அழகாகத்தான் தெரியும். அந்தப் பூச்சு, இந்தப் பூச்சு என்று தனியாக ஒரு பட்டியல் நீட்டினால், இதில் எது ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். எதிரே இருப்பவர் பேசட்டும். இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் விரலை ஆட்டி ஒன்று சொல்வார்: "கார கடைல வாங்காதீங்க. உங்க வீட்டு வாசல்ல வாங்குங்க."

இந்த ஒன்றுதான் அவரை வம்பில் மாட்டிவிட்டது. கம்பெனி வகுத்திருக்கும் பாதை நான்கு கிலோமீட்டர்; புதிதாகத் தார் போட்ட அகலமான சாலை, மூன்றே மூன்று சிக்னல். அந்த ரோட்டில் கட்டிலுக்குச் சக்கரம் மாட்டி விட்டாலும் ஜம்மென்று ஓடும் என்பது அக்காவின் வாதம். ஆகவே அவர் பாதி வழியில், உங்கள் வீடு எங்கே, அங்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று திருப்பிவிடுவார். ஒருவர் வீட்டின் பார்க்கிங் சரிவில் நீளமான புது வண்டியின் மூக்கு போய்த் தரையில் முட்டியது. இன்னொரு வண்டி தெரு முனையிலேயே திரும்ப வழியில்லாமல் நின்றது. ஒரே மாதத்தில் இரண்டு பெரிய வண்டிகளின் விற்பனை இப்படிக் கைநழுவிப் போனதும் மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார்.

"எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தது நீங்க, அத நான் மறக்கல அக்கா. ஆனா இன்னொரு பெரிய வண்டி இப்படிப் போச்சுன்னா, உங்கள டெலிபோன் டேபிள்ல உக்கார வைக்கறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

சர்வீஸ் தேதி நெருங்கிய வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு நினைவூட்டுகிற மேசை அது. எதிரே ஒரு சுவர், கையில் ஒரு பட்டியல், நாள் முழுக்க முகம் தெரியாத குரல்கள். மனிதர்களை வேடிக்கை பார்ப்பதற்காகவே காலையில் எழுந்து வேலைக்கு வருகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அக்கா பயந்துதான் போனார். இரண்டு வாரம் கம்பெனி பாதையை விட்டு இம்மியும் நகரவில்லை. யாருடைய வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே பதினோரு பேரை ஓட்டவைத்துத் திரும்பக் கூட்டிவந்தார்.

மூன்றாவது வாரம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் வெல்டர்; முன்கை முழுக்கத் தீப்பொறி தெறித்த புள்ளிகள். மனைவி டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். வேலை முடிந்து நேராக வந்திருந்தார், காலில் வெள்ளை ஷூ. கடையில் இருப்பதிலேயே உயரமான வண்டியைக் கணவர் வரும்போதே மனதில் முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். சேல்ஸ்மேன் புக்கிங் பாரத்தை நிரப்பி வைத்துவிட்டார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. கணவர் ஓட்ட, அக்கா பக்கத்தில் உட்கார, மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டார்.

முதல் சிக்னலில் கணவர் சற்றுத் தாமதமாகத்தான் பிரேக் பிடித்தார். அக்காவின் கால் வழக்கம்போல மிதியடியை மிதித்தது. அதே நொடியில் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். இரண்டாவது சிக்னலிலும் அதே சத்தம். அக்கா இருக்கைகளின் இடைவெளி வழியாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். நர்ஸின் வலது ஷூ தரையை அழுத்திப் பிடித்திருந்தது. தன்னைப் போலவே இல்லாத பிரேக்கை மிதிக்கிற இன்னொரு ஜீவன். ஓட்டிப் பழகிய கால் அது, சும்மா உட்கார்ந்து வருகிறவர் கால் இல்லை. அப்படியானால் அது ஏன் பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி அக்காவைக் குடைய ஆரம்பித்தது.

வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தார். தினமும் இவள்தான் என்றார் கணவர். தனக்கு வெளியூரில் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் வீடு. ஆறு மணி ஷிப்டுக்கு அவள் விடியுமுன்பே கிளம்ப வேண்டும். இப்போது இருக்கிற பழைய வண்டி இரண்டு முறை நட்டநடு வழியில் நின்றுவிட்டது; இரண்டு முறையும் தான் அங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"பெரிய வண்டின்னா சுத்தி நாலு பக்கமும் நல்லா இரும்பு இருக்கும் மேடம். எனக்கு அங்க தூக்கம் வரும்."

அக்காவுக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. தொல்லையே அதுதான், பிடிக்காத ஆளாக இருந்திருந்தால் அவர் ஆசை உடையுமே என்ற கவலையில்லாமல் வீட்டுக்குத் திருப்பியிருப்பார். பின்னால் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று நர்ஸைக் கேட்டார். அவர் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நர்ஸ் ஜன்னலிடம் பதில் சொன்னார்.

மூன்றாவது சிக்னல். இந்தப் பக்கம் திரும்பினால் ஷோரூம், கையெழுத்து, அக்காவின் வேலை பத்திரம். டெலிபோன் மேசை கண் முன்னால் வந்து நின்றது. நமக்கேன் வம்பு என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். விளக்கு பச்சைக்கு மாறியதும் மூடிய வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உங்க வீடு எந்தப் பக்கம் சார்?"

அடுத்த வளைவில் ஓரம் கட்டச் சொல்லி, நர்ஸை ஸ்டியரிங்கின் முன்னால் உட்காரவைத்தார். இருக்கையை முடிந்த மட்டும் முன்னால் தள்ளி, மேலே ஏற்றி, தன் பையிலிருந்து டிரைவிங் ஸ்கூல் காலத்துச் சின்னத் தலையணையையும் எடுத்துக் கொடுத்தார். பானெட் தெரிகிறதா என்று கேட்டதற்கு, பாதி தெரிகிறது என்று பதில் வந்தது. மீதிப் பாதி எங்கே முடிகிறது என்று யோசித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். முதல் இருநூறு அடி வண்டி விக்கியது, அப்புறம் சொன்ன பேச்சைக் கேட்டது. பின்னாலிருந்து கணவர் இரண்டு முறை "பாத்து, பாத்து" என்றார். மூன்றாவது முறை அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. குப்பைத் தொட்டிகள், சைக்கிள்கள், யாரோ வெளியே தூக்கிப் போட்டிருந்த ஒரு சோபா எல்லாவற்றையும் தாண்டி வந்தால் கேட், அதன் இரு பக்கமும் செங்கல் தூண். கணவர் இறங்கி முன்னால் போய் நின்று இரண்டு கைகளாலும் வா வா என்று அழைத்தார். நர்ஸ் பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டு, அங்குலம் அங்குலமாக வண்டியை உள்ளே கொண்டுவந்தே விட்டார். ஒரு கீறல் இல்லை. கணவரின் முகமெல்லாம் பல். தான்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு நர்ஸ் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். ஒரு சாண் திறந்தது. அதற்கு மேல் சுவர்.

அந்த இடைவெளியில் கைப்பை போகும், ஒரு கால் போகும், ஆள் போக முடியாது. நர்ஸ் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"கொண்டு வந்துட்டேன்ல. என்னால ஓட்ட முடியுது," என்றார் கணவரிடம். "ஆனா தெனமும் காலைல இந்த கேட்ட நெனச்சுக்கிட்டே எந்திரிக்க முடியாது."

கணவர் தூணைத் தட்டிப் பார்த்தார். "இத இடிச்சு அகலப்படுத்திட்டா?"

"வாடகை வீட்டுத் தூணையா?"

தூணிலிருந்து கையை எடுத்தார். பிறகு என்னதான் செய்வது என்று அவர் கேட்க, கடைக்குள் ஓரமாக நீல நிறத்தில் சின்னதாக ஒன்று நிற்கிறது, உள்ளே வந்ததிலிருந்து தான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னார்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"உங்களுக்குத் தூக்கம் வரலன்னு சொன்னீங்களே."

அக்கா தன் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்த கதவு வழியாக நெளிந்து இறங்கிக் கேட்டருகே வந்து, சந்தில் கிடந்த சோபாவை விலைக்கு வாங்கப் போகிறவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். கணவர் வண்டியின் மறு ஓரமாக ஒடுங்கி நடந்து அக்காவின் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்தச் சின்னதுலயும் நாலு பக்கமும் இரும்புதானே மேடம்?"

"இரும்புதான் சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே எடுப்பது கஷ்டம், நான் எடுத்துத் தருகிறேன் என்று கதவருகே போனார். உள்ளே கொண்டுவந்த தானே எடுப்பதாக நர்ஸ் சொல்லிவிட்டார். கணவர் பாதி திறந்த பின் கதவு வழியாக உடம்பை ஒடுக்கி உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

அக்காவின் பையில் போன் அடித்தது. மேனேஜர். புக்கிங் பாரத்தோடு வாசலில் வந்து நின்றுகொண்டிருப்பார். போகிற பெரிய வண்டி இது மூன்றாவது, நாளையிலிருந்து அந்தச் சுவர்தான் என்று அக்காவுக்குத் தெரியும். போனை அமுக்கி அணைத்தார். வாடிக்கையாளர் கையில் வண்டி இருக்கும்போது கம்பெனி ஆள் இருக்கையை விட்டு இறங்கவே கூடாது என்பது சட்டம். அவர் திரும்ப ஏறாமல், கேட்டைத் தாண்டிச் சந்துக்கு நடந்தார்.

சந்து முனையிலிருந்து ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. அக்கா நடுவில் போய் நின்று கையை உயர்த்தினார். வேன்காரர் ஹாரன் அடித்தார். அக்கா அசையவில்லை. பின்னால் கார் உறுமியது, சக்கரங்கள் சரளைக் கல்லை நெரித்து நகர்வது கேட்டது. எந்த மாணவி வண்டியைப் பின்னால் எடுத்தாலும் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காதவர், ஒடி, திருப்பு, நிறுத்து என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தவர், இப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. உயர்த்திய கையை இறக்காமல், காருக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்.