அம்மாவுக்கு ஃப்ளெக்சிபிள் டைம்

நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா கீழ்பென்னாத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். "டைமிங்லாம் ஃப்ளெக்சிபிள்தாம்மா" என்று முதலாளி சொன்னாராம். ஃப்ளெக்சிபிள் என்றால் என்னவென்று அப்பாவிடம் கேட்டேன். "நமக்குத் தோதா வளைச்சிக்கலாம்" என்றார். அன்றிலிருந்து ரேஷன் கடைக்குப் போக, கேஸ் சிலிண்டர் வாங்கிவைக்க, அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, எல்லாவற்றுக்கும் அம்மாதான். அப்பாவுக்கு வேங்கிக்காலில் ஆபீஸ், எனக்கு ஸ்கூல். அவளுக்குத்தான் ஃப்ளெக்சிபிளாயிற்றே.

அதே வார்த்தை பள்ளியில் எனக்கும் கிடைத்தது. "இந்தப் பொண்ணுக்கு செம ஃப்ளெக்சிபிள் பாடி" என்றார் யோகா மாஸ்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டு விழா மேடையின் நடுவில் தனுராசனம் செய்யப்போவது நான்தான். அம்மா பார்க்காவிட்டால் செய்து என்ன பிரயோஜனம்?

"நாலு மணிக்கெல்லாம் பர்மிஷன் கேட்டுக்கினு வந்துடறேன்டி" என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் போனாள்.

விவரம் தெரிந்த யாரும் எங்கள் ஊரில் கிரிவலக் கூட்டம் நெரியும் பௌர்ணமியன்று எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் பள்ளி ஆண்டு விழாவையே வைத்தது. திரைக்குப் பின்னால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடுக்கு வழியே எட்டி எட்டிப் பார்த்தேன். அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலியில் அவருடைய பை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். வாசலைப் பார்த்துக்கொண்டே வளைந்ததில் ஒரு கால் நழுவிவிட்டது. கைதட்டினார்கள், அழுகையாக வந்தது.

நாங்கள் வீடு திரும்பிய பிறகுதான் அம்மா வந்தாள். கிளம்பும் நேரத்தில் ஸ்கேனுக்கு ஆள் வந்துவிட்டதால் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட, கிரிவலக் கூட்டத்தில் முட்டி மோதி நடந்தே வந்திருக்கிறாள். வார் அறுந்த செருப்பு கையில் இருந்தது.

"உனக்குத்தான் ஃப்ளெக்சிபிளாச்சே, முன்னாடியே கெளம்பறதுக்கு என்ன?" என்று கத்தினேன்.

"அதான?" என்றார் அப்பா.

அம்மா செருப்பை மூலையில் போட்டாள். "எனக்கு இப்ப செஞ்சி காட்டுடி" என்றாள்.

முறைத்துக்கொண்டே பாயை விரித்தேன். குப்புறப் படுத்து, இரண்டு கணுக்காலையும் பிடித்து, நெஞ்சைத் தூக்கிப் பார்த்தால் அம்மா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காந்து பாரும்மா."

"இப்படியே நல்லாத் தெரியுது."

ஒரு கையால் முழங்காலைப் பிடித்திருந்தாள். என்னை முழுசாகப் பார்க்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் வளைந்து காட்டினேன்.