ரைட்டு சொன்னால் வண்டி கிளம்பும்

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். டவுன் பஸ் கண்டக்டர். டிப்போவில் அவருக்குத் 'தொண்டை' என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்து உப்பு கேட்டாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். அவரோடு ஒரே வீட்டில் இருந்து என் காது பாதி போய்விட்டது.

அவர் மகளுக்கு ஐந்து வயது. உத்தியோகம், டிரைவர். கட்டில்தான் பஸ். அப்பா 'ரைட்' என்றால் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை வளைப்பாள். 'ஹோல்டான்' என்றால் பிரேக் போட்டுவிட்டு அசைய மாட்டாள்.

அவளுக்குத்தான் நியூரோபிளாஸ்டோமா வந்தது. குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய். சிறுநீரகத்துக்கு மேலே ஆரம்பித்த கட்டி, கண்டுபிடிப்பதற்குள் எலும்புகளுக்குப் பரவிவிட்டது. பல சுற்று மருந்து ஏற்றினார்கள். அது கேட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன். அதற்கான ஊசியை முந்தின நாளே போட்டாகிவிட்டது. கட்டி இருக்கிற இடத்தில் அந்த மருந்து போய் ஒட்டிக்கொண்டு படத்தில் தெரியுமாம். குழந்தை ஒரு மணி நேரம் ஆடாமல் படுக்க வேண்டும். சளி பிடித்திருந்ததால் மயக்க மருந்தும் கொடுக்க முடியாது. அன்றைக்குள் படம் சரியாக விழாவிட்டால் மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. நோய் காத்திருக்குமா? அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

ஸ்கேன் எடுக்கிற அம்மாவுக்கு ஒரு வாய்ப்பழக்கம். குழந்தை ஒழுங்காகப் படுத்ததும் மைக்கில், "ரைட்டு, அப்படியே இரு கண்ணு" என்றார். படுத்திருந்தவள் இரண்டு கையையும் தூக்கி ஸ்டியரிங்கைத் திருப்பினாள். படம் போச்சு.

"ஏம்மா அசையறே?"

"நீங்கதானே ரைட்டு சொன்னீங்க. வண்டிய எடுக்க வேணாமா?"

"ரைட்டு, ரைட்டு. இனிமே அசையாதே."

வண்டி மறுபடியும் கிளம்பிற்று.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அக்காவும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். மாமா மைக்கைப் பிடுங்கினார். அவருக்கு மைக் ஒரு கேடு. "ஹோல்டான்" என்று ஒரு குரல் விட்டார். வராந்தாவில் வீல்சேர் தள்ளிக்கொண்டு போனவர்கூட நின்றுவிட்டார். மகள் பிரேக் போட்டாள்.

"பாப்பா, முன்னாடி ரயில்வே கேட் போட்டிருக்கு. நீளமான கூட்ஸ் வண்டி. தொறக்கற வரைக்கும் டிரைவர் அசையக் கூடாது."

"எத்தனை பெட்டிப்பா?"

"அதை நான் பாத்துச் சொல்றேன். நீ வாயைத் தொறக்காதே."

ஒரு மணி நேரமும் மனிதர் பெட்டி பெட்டியாகச் சொன்னார். சிமெண்டு, நிலக்கரி, மறுபடி சிமெண்டு, நடுவில் ஒரு பெட்டியில் ஜலதோஷம் பிடித்த யானை. அதற்குக்கூட அவள் உதடு மட்டும்தான் துடித்தது.

மறுநாள் டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "மருந்து நல்லா கேட்டிருக்கு. எலும்புல இருந்த புள்ளிங்க நிறைய மறைஞ்சிடுச்சு. அடுத்த சிகிச்சைக்குப் போகலாம். முழுசா குணமாகுமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா போகலாம்."

மாமா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அந்தத் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. பிறகு கேவிக் கேவி அழுதார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரை எனக்குப் பிடித்தது.

மகள் அவர் சட்டையை இழுத்தாள்.

"இன்னும் ஊசி இருக்காப்பா?"

"இருக்கும்மா."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"அப்ப நீ எதுக்கு அழறே?"