சிவப்பு மூடி பாட்டிலும் சைக்கிள் பந்தயக்காரரும்

மருந்துக்கடையில் ராத்திரி வேலைக்கு நிற்பவனுக்கு இரண்டு வசனம் தெரிந்தால் போதும்: "இருக்குங்க", "அதே மருந்துதானுங்க, கம்பெனிதான் வேற". என்னைப் போலவே மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிப்போன உங்களுக்கு இது தெரியாததல்ல. தொண்ணூறுகளில் போத்தனூர்க் கடையில், அந்த இரண்டாவது வசனம் என்னைப் படுத்திய பாடு இது.

வெள்ளை மூடி தீர்ந்துபோச்சு

கிணத்துக்கடவு சண்முகம் சைக்கிள் பந்தயக்காரர். ஒரு ராத்திரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். மறுநாள் மாநிலப் பந்தயம். கோச் கொடுத்த சீட்டில் ஒரு சளி மருந்தின் பெயர்; வேறெதையும் தொடக் கூடாதாம். அந்த வெள்ளை மூடி பாட்டில் தீர்ந்திருந்தது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப நமக்கு மனசு வருமா? சிவப்பு மூடியை எடுத்து வைத்து, வழக்கமான வசனத்தைச் சொன்னேன். சீட்டை ஒருதரம், என்னை ஒருதரம் பார்த்தார்.

"அண்ணா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."

முதலாளியின் மொபெட்

பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவர், ஒரு மாதம் கழித்து பந்தயச் சங்கத்தின் இங்கிலீஷ் கடிதத்தோடு வந்தார். நான் படித்தது அஞ்சாவது. என் இங்கிலீஷ் முழுக்க மருந்து டப்பாக்களின் முதுகில் கற்றது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பந்தயத்தன்று எடுத்த சிறுநீரில் தடை செய்த மருந்து இருந்ததாம். இரண்டு வருஷம் பந்தயங்களிலிருந்து ஏன் விலக்கி வைக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். மதுக்கரைப் பக்கம் ஒரு மில்லில், பந்தயக்காரர் என்பதற்காகவே அவருக்கு வேலை தருவதாக இருந்தார்கள். விலக்கினால் அதுவும் போச்சு.

சிவப்பு மூடி பாட்டிலைத் திருப்பினேன். எறும்பு எழுத்தில், கடிதத்தில் இருந்த அந்தத் தடை மருந்தின் பெயர். கொடுத்தது நான்தான் என்று எழுதித் தரப்போவதாக முதலாளியிடம் சொன்னேன். வேலையை விட்டே நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பாட்டிலை ஆட்டிப் பார்த்தார்.

"இதைக் குடிச்சா வேகமாப் போகுமுன்னா, என்ற மொபெட்டுக்கும் ரெண்டு மூடி ஊத்துங்க. போங்க, எழுதிக் குடுத்துப்போட்டு வாங்க."

விசாரணை

வேலை முடிந்த கையோடு, தூங்காத கண்ணோடு, பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பந்தயக்காரர் என்று தெரிந்துமா கொடுத்தீர்கள் என்றார்கள். தெரியும், ஆனால் மூக்கு எல்லோருக்கும் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டேன் என்றேன். சண்முகம் கோச்சின் சீட்டை எடுத்து வைத்தார். குடித்தவர்தான் பொறுப்பு என்பது விதியாம், மெடலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விலக்கு மட்டும் மூன்று மாதமாகச் சுருங்கியது. மில் வேலை தப்பியது.

வெளியே வந்தபின் சண்முகத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவர் தும்மினார். என் கை தன்பாட்டுக்குப் பைக்குள் போனது.

"வேண்டாமுங்கண்ணா. சுக்குக் காப்பி ஒண்ணு சொல்லுங்க, போதும்."

அதற்கப்புறம் தலைவலி மாத்திரை கேட்டு வந்தவரிடமும் சைக்கிள் ஓட்டுவீங்களா என்று கேட்க ஆரம்பித்தேன்; போத்தனூரில் ஓட்டாதவர் யாருமில்லாததால் வியாபாரம்தான் கொஞ்சம் படுத்துவிட்டது.