தங்கை என்ன ஆனாள்?

எங்கள் மருந்துத் தொழிற்சாலையில் அவளைப் ‘புக்கு’ என்றுதான் கூப்பிடுவோம். வயது பத்தொன்பது. மாத்திரை அட்டைகளை விளக்குப் பலகைமேல் பரப்பி, எந்தக் குழியாவது காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் இருவருக்கும் வேலை. இடைவேளை மணி அடித்ததும் அவள் கண் புத்தகத்துக்குத் தாவிவிடும்.

தொழிற்சாலைப் பேருந்தை ஓட்டுபவர் அவளுடைய அண்ணன். இரண்டு வருடத்துக்கு முன் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி அவர்கள் அப்பா இறந்துபோனார். அப்போது அப்பாவின் கையைப் பிடித்திருந்தவள் இவள். அதன்பிறகு அண்ணன் அவளைத் தனியே தெருவில் விட்டதில்லை. வீட்டு வாசலில் ஏற்றி, வாசலிலேயே இறக்குவார். தோழி வீடா, கடையா, எதுவானாலும் “நான் வந்தப்புறம் போலாம்” என்பார். “தங்கமான அண்ணன்” என்று நாங்களே வாயாரப் புகழ்ந்திருக்கிறோம்.

முதலுதவி அறை நர்ஸக்கா கேன்டீனில் ஒரு புத்தக அலமாரி வைத்திருந்தார். படித்தவர்கள் கருத்தெழுதி அறிவிப்புப் பலகையில் குத்தலாம். அந்த மாதம் கைமாறிக்கொண்டிருந்தது ஒரு முன்கதை நாவல். அனுமதிச் சீட்டில்லாமல் யாரும் தெருவில் இறங்க முடியாத ஒரு நகரத்தைப் பற்றி முன்பே மூன்று பாகங்கள் வந்திருந்தன. அந்த நகரத்தைப் பூட்டிய கொடுங்கோலனின் இளமைக்காலம்தான் இது. படித்தவர்களெல்லாம் “பாவம்ப்பா அவன்” என்று உருகினார்கள்.

புக்கு இப்படி எழுதிக் குத்தினாள்:

“கடைசி நூறு பக்கம் அவசர அவசரமாக ஓடுகிறது. ஆனால் நாற்பதாம் பக்கத்தை என்னால் தாண்டவே முடியவில்லை. அவன் தங்கைக்குக் காய்ச்சல். அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு மருந்து வாங்க ஓடுகிறான். நல்லவன்தான். காய்ச்சல் விட்டபிறகும் பூட்டைத் திறக்கவில்லை. அவனுக்காகப் பரிதாபப்படச் சொல்கிறார் ஆசிரியர், பட்டேன். தங்கை என்ன ஆனாள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?”

அன்று சாயங்காலம் நாங்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் பேருந்து கிளம்பவில்லை. அண்ணன் இருக்கையிலிருந்து திரும்பினார். கையில் அந்தத் தாள்.

“இது என்னைப் பத்தியா?”

“புத்தகத்தைப் பத்தி.”

“மழுப்பாதே.”

“சரி, ரெண்டையும் பத்தி.”



“எனக்கும் ஒரு முன்கதை இருக்குல்லம்மா? உனக்கும் ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“இருக்கு அண்ணா. அதுல நானும்தானே இருந்தேன்? ரெண்டு தெரு முன்னாடி இறக்கிவிடு. நான் நடந்து வரேன்.”

அவர் வண்டியை எடுத்தார். வாசலில்தான் நிறுத்தினார்.

அவளும் விடவில்லை. தினமும் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னாலிருக்கும் திருப்பம் வந்ததும், “அண்ணா, இங்கே” என்பாள். பேருந்து நிற்காமல் போகும். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்ப்பாள். சில நாள் எங்களில் யாராவது, “இறக்கித்தான் விடுங்களேன்” என்போம். அவர் கியரை மாற்றுவார். இப்படியே பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் கதவு திறந்தது. அவள் குதித்திறங்கி நடந்தாள். பேருந்து நகர்ந்தது, ஆனால் ஆமைபோல, அவள் பின்னாலேயே. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சட்டென்று, பேருந்து நுழைய முடியாத ஒரு சந்துக்குள் திரும்பிவிட்டாள். அண்ணன் பிரேக் போட்டார். “அந்தச் சந்து எங்கே போய் முடியுது?” என்று எங்களைக் கேட்டார். எங்களுக்கும் தெரியவில்லை.