ஒரு கல்லூரி அண்ணனை நான் பாஸாக்கிய கதை

நான் ஒவ்வொரு வகுப்பிலும் பாஸானது ஆசிரியர்களின் இரக்கத்தால்தான். ஆனால் நாலாம் வகுப்பு படிக்கும்போதே ஒரு கல்லூரி மாணவரை நான் பாஸாக்கியிருக்கிறேன். இதை என் பிள்ளைகள் நம்புவதில்லை. என் மார்க் ஷீட்டைப் பார்த்தவர்கள் அவர்கள்.

அப்போது வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், எல்லாருக்கும் ஒரே குழாய். குடியிருந்தவர்கள் பெரும்பாலும் எங்களைப்போலத் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அம்மா அதே கம்பெனியில் செக்கிங். அதாவது அப்பா தைத்ததில் அம்மா குறை கண்டுபிடிப்பார், அதற்குச் சம்பளமும் வாங்குவார். வீட்டில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்தார்.

ஞாயிறுதோறும் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஓர் அண்ணனும் ஓர் அக்காவும் எங்களுக்குப் பாடம் சொல்ல வருவார்கள். முதல் நாள் அக்கா, "இங்கிலீஷ் எழுத்தெல்லாம் வரிசையாச் சொல்லுங்க கண்ணு, பாக்கலாம்" என்றார். எல்லாரையும் முந்திக்கொண்டு நான்தான் எழுந்தேன். "எஸ், எம், எல், எக்ஸெல், டபுள் எக்ஸெல்!" என்று மூச்சுவிடாமல் முடித்தேன். லைன் வீட்டுப் பிள்ளைகள் மொத்தமும் கைதட்டியது. அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

அண்ணன் உள்ளூர்க்காரர். பொடியனாகிய என்னையும் "வாங்க தம்பி, உக்காருங்க தம்பி" என்றுதான் பேசுவார். எங்கள் வீட்டில் எனக்கு "ஏலே" என்பதுதான் பெயர், கோபம் வந்தால் அதற்கு முன்னால் இன்னும் சில சேரும். ஆகவே கல்லூரியே மரியாதை தருகிற அளவுக்கு நான் ஏதோ பெரிய ஆள்தான் என்று முடிவு செய்துகொண்டேன். ஒருநாள் அண்ணன் சிரித்தபடி, "எங்க காலேஜ்ல இதுக்கும் மார்க் இருக்குதுங்க. நீங்கெல்லாம் வந்தாத்தானுங்க தம்பி நான் பாஸே ஆவேன்" என்று சொன்னதும் சந்தேகம் முற்றிலும் தீர்ந்தது. அன்றிலிருந்து சூப்பர்வைசர் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஞாயிறு விடிந்ததும் வீடுவீடாகப் போய் விரட்டுவேன். "எந்திங்கலே, பாவம், அண்ணன் பெயிலாயிருவாரு!"

பிறகு ஒரு வாரம் அண்ணன் சிரிக்காமல் வந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க சார் பாக்க வர்றாருங்க. அனுப்பர்பாளையத்துல வகுப்பு வேணும்னு கேக்கறாங்களாம். இங்க புள்ளைங்க கொறைவா இருந்தா, அங்க மாத்திருவாரு."

"கொறைவாவா? அதை என்கிட்ட விடுங்கண்ணே" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கம்பெனியில் அவசர ஷிப்மென்ட். லீவு கிடையாது, எல்லாரும் வேலைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் பிள்ளைகளையும் கூடவே கூட்டிப்போவதுதான் வழக்கம். பூட்டிய வீட்டுக்கு வெளியே யாரை நம்பி விடுவது?

"இன்னைக்கு சார் வாராரும்மா, நான் இருக்கணும்."

"சாராம் சாரு! ஒன்னைய ஒத்தையில விட்டுட்டு நான் அங்க எப்படி இருக்க? நடலே" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் அழுதேன். என் படை முழுவதும் பின்னாலேயே வந்தது.

கம்பெனியில் பெரிய பிள்ளைகள் துணியில் பிசிறு வெட்டுவார்கள், சின்னவர்கள் பீஸ் அடுக்குவார்கள். நான் மேற்பார்வை பார்ப்பேன். அதாவது ஒன்றும் செய்ய மாட்டேன். அங்கே எங்களுக்கு ஒரு விளையாட்டும் உண்டு. வாட்ச்மேன் கேட்டைத் தடியால் தொடர்ந்து தட்டினால், யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று அர்த்தம். உடனே பிள்ளைகள் எல்லாரும் கட்டிங் வேஸ்ட் போடும் குடோனுக்குள் ஓடி, துணிக் குவியலுக்குள் புதைந்துகொள்ள வேண்டும். வந்தவர் போகிறவரை தும்மக்கூடாது, இருமக்கூடாது. போனபின் கம்பெனி சூப்பர்வைசர் கையாலேயே தேன் மிட்டாய் தருவார். மூக்குக்குள் பஞ்சுத்தூசி போனாலும் தும்மலை அடக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எந்த ஊர் ஆபீசராலும் எங்களைக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

மதியத்துக்கு முன்னால் கேட் தடதடவென்று ஒலித்தது. அடுத்த நொடி நான் சிவப்புத் துணிக்கு அடியில் இருந்தேன்.

வந்தது யார் என்பது குரலைக் கேட்டதும்தான் தெரிந்தது. பூட்டிய வீடுகளைப் பார்த்துத் திகைத்து நின்றவர்களிடம், "எல்லாம் கம்பெனிக்குப் போயிருக்குதுங்க கண்ணு" என்று வீட்டுக்காரம்மா கைகாட்டி அனுப்பியிருக்கிறார். அண்ணன், அக்கா, அவர்களோடு கண்ணாடி போட்டு, சட்டையை இன் பண்ணி, ஷூ போட்ட சார். வாட்ச்மேனுக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "வாங்க சார், வாங்க. நம்ம கம்பெனில சின்னப் புள்ளைங்களே இல்லீங்க சார்."

"நாங்க புள்ளைங்களப் பாக்கத்தானுங்க வந்தோம்" என்றார் அண்ணன்.

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். ஒண்ணுகூடக் கெடையாதுங்க. நீங்க எங்க வேணும்னாலும் பாத்துக்கலாமுங்க."

சார் அண்ணனிடம், "ஏப்பா, ஊடெல்லாம் பூட்டிக் கெடக்குது. இங்கயும் ஒரு கொழந்தை இல்லைங்கறாங்க. அப்பறம் வாரா வாரம் நீ யாருக்குப் பாடம் எடுத்தே?" என்றார்.

"சத்தியமா இருக்காங்க சார். தெனம் வர்ற பசங்க சார்..." அண்ணனின் குரல் உடைந்தது. ஞாயிறு மட்டும் வருகிறவர்களைத் தினம் என்று சொல்கிற அளவுக்குத் தடுமாறியிருந்தார்.

குவியலுக்குள் என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அசையாமல் கிடந்தால் தேன் மிட்டாய். அசைந்தால் தோல்வியே அறியாத என் ஆட்டம் போச்சு. ஆனால் அங்கே என் பொறுப்பில் உள்ள ஒரு மாணவர் எல்லார் முன்னாலும் பெயிலாகிக்கொண்டிருந்தார். எழுந்தேன். தலையில் தொங்கிய சிவப்புத் துணியோடு, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் சொல்கிற ஒரே பதிலைத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"உள்ளேன் ஐயா!"

உடனே நீலக் குவியலுக்குள்ளிருந்து இன்னொரு "உள்ளேன் ஐயா." மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒன்று. மஞ்சளிலிருந்து இரட்டைப் பிள்ளைகள் சேர்ந்தாற்போல. துணியெல்லாம் பிள்ளை முளைத்ததுபோல் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள். நானே அவர்களை உயர வரிசையில் நிறுத்தினேன், எஸ், எம், எல் என்று.

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அப்பா குடோன் வாசலுக்கு வந்து, "கெடுத்தியேலே பாவி, வேலை போச்சே" என்று முணுமுணுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சார் என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "எதுக்குத் தம்பி ஒளிஞ்சிருந்தீங்க?"

"யாரு வந்தாலும் ஒளியணும் சார். இதுவரைக்கும் எங்கள ஒருத்தரும் கண்டுபிடிச்சதே இல்ல சார். நாங்கதான் எப்பவும் ஜெயிப்போம்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; பஞ்சுத்தூசி பட்டிருக்கும். "நான் ஆபீசர் இல்லீங்க, காலேஜ் வாத்தியாருங்க" என்றார் சூப்பர்வைசரிடம்.

"அட, வாத்தியாருங்களா! மொதல்லயே சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?"

சூப்பர்வைசர் டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். அந்த டீயை வந்தவர்களில் யாரும் குடிக்கவில்லை. சார் முதலாளியைப் பார்க்க ஆபீஸ் அறைக்குள் போனார். சாரைவிடப் படித்தவர்களே வாயடைத்துப்போகிற முதலாளி அவர். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஆனால் அதற்குப்பிறகு அந்தக் கம்பெனிக்குள் பிள்ளைகள் யாரும் போகவில்லை. யாருடைய வேலையும் போகவில்லை. ஷிப்மென்ட் நாள் எதுவானாலும் கல்லூரிப் பிள்ளைகள் முறைவைத்துக்கொண்டு காலையிலிருந்து அம்மாக்கள் திரும்புகிறவரை லைன் வீட்டு வாசலில் எங்களோடு இருந்தார்கள். மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். இருபது வயதுகூடத் தாண்டாத பிள்ளைகள் செய்த காரியம் அது. நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, ஏதோ நானே செய்ததுபோல.

அன்றைக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். நல்ல விளையாட்டு ஒன்றை ஒழித்துவிட்டார்களே!

ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்த சார் அண்ணனின் தோளைத் தொட்டு, "வகுப்பு இங்கயே நடக்கட்டும்பா. ஞாயித்துக்கிழமை மட்டும் பத்தாது" என்றார். பாஸ்! எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால், அண்ணன் எங்கள் வரிசையைப் பார்த்தபடி, சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதுகொண்டிருந்தார். பெரிய படிப்பில் பாஸானால் சந்தோஷம் தாங்காமல் இப்படித்தான் ஆகும் போல என்று எண்ணிக்கொண்டேன். கிட்டே போய், எட்டிய உயரத்தில் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதீங்கண்ணே. அதான் நாங்கெல்லாம் வந்துட்டோம்ல."