மேளத்துக்குள் முகம் புதைப்பவள்

வணக்கம் கிணக்கம் எல்லாம் பிறகுதான். மிக்தாலியா முதலில் மேளத்தைத் தரையில் படுக்கப் போட்டு, தானும் மண்டியிட்டு, அதன் திறந்த அடிவாயில் முகத்தைப் புதைத்துவிடுவாள். மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் உள்ளிருந்து வரும்.

"என்னக்கா, உள்ள புருஷன் ஒளிஞ்சிருக்காரா?" என்று தெருமுனை வெட்டிப் பயல்கள் கேட்பார்கள்.

"அந்தாளு உள்ள இருந்தா ரம் நாத்தம்ல அடிக்கும்?" என்பாள், முகத்தை எடுக்காமலே.

மத்தான்சாஸ் நகரத்தின் சிம்ப்சன் பேட்டையில் மேளங்களுக்குத் தோல் கட்டுவது அவள் தொழில். முற்றத்து வாளிகளில் எந்நேரமும் மாட்டுத்தோல் ஊறும். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சாபம் விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் ரும்பா ஆட்டம் தொடங்கியதும் அதே புண்ணியவான்கள்தான் அந்தத் தோலின் சத்தத்துக்கு முதலில் இடுப்பை ஆட்டுவார்கள். மிக்தாலியாவுக்கு அறுபதைத் தாண்டிய, வாட்டசாட்டமான உடம்பு. காதில் ஒரு சுருட்டுத் துண்டு செருகியிருக்கும். அதைப் பற்றவைத்து யாரும் பார்த்ததில்லை.

பீப்பாய் வடிவக் கொங்கா மேளம் ஒன்று நிஜமாகவே பழசா, பழசு போல வேஷம் கட்டியதா என்று சொல்ல அவளை விட்டால் ஆள் இல்லை. அவள் தட்டிப் பார்ப்பதே கிடையாது. "தட்டினா போலியும் நல்லாத்தான் பாடும்." செய்தவர் பேர் போட்ட தகட்டையும் சட்டை செய்ய மாட்டாள். "தகரம்தானே? சட்டைப் பித்தான் மாதிரி இதுல புடுங்கி அதுல தச்சிடுவானுங்க." மோப்பம் முடிந்ததும் விரல் வேலை. பீப்பாய்ப் பலகைகள் சேரும் இடங்களை உள்பக்கமாகத் தடவுவாள், பிறகு மேல் விளிம்பு. அந்தக் காலத்தில் தோலை ஆணியடித்துத்தான் பொருத்தினார்கள். தொய்ந்தால் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி அனல் காட்டினார்கள். இரும்பு வளையமும் கொக்கியும் வந்த பிறகு அந்த ஆணித் துளைகளைக் குச்சி வைத்து அடைத்தார்கள். அடைத்த துளைகளும் உள்ளே ஏறிய கரியும் இருந்தால் அசல். அவ்வளவுதான் ரகசியம்.

யோஸ்வானி என்ற தரகன் வெளிநாட்டாரைக் கூட்டிக்கொண்டு வருவான். வாங்க வந்தவன் மிக்தாலியாவின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான். கொஞ்ச காலம் அவள் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். அசல் என்று சொன்ன ஒவ்வொரு மேளமும் விமானம் ஏறிற்று. "கண்ணாடி அலமாரில வெச்சு லைட்டு போடுவானுங்களாம். அங்க எவன் அடிக்கப்போறான்?" என்று ஆற்றமாட்டாமல் சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரும்பாவில் மேளம் பற்றாமல் ஒருவன் மீன்பெட்டியைக் கவிழ்த்து வைத்து அடித்தான்.

அன்றிலிருந்து பொய் சொல்ல ஆரம்பித்தாள். வழக்கம் போல முகம் புதைப்பாள், தடவுவாள், கட்டைவிரலால் ஆணித் துளைகளை மறைத்துக்கொண்டு கொக்கிகளைக் காட்டுவாள். "இரும்பைப் பாரு தம்பி, நேத்து அடிச்சது. டூப்ளிகேட்டு." இரும்பு புதுசு என்பது மெய்தானே! வந்தவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விடுவான். மேளம் தெருவிலேயே தங்கும்.

அடுத்த சந்தில் நியுர்க்கா இருக்கிறாள். புருஷன் கடல் கடந்து போனவன், பேச்சுமூச்சில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூலையில் செத்துப்போன மாமனாரின் மேளம். அதை விற்றால் கொஞ்ச நாளாவது பிள்ளைகள் வயிறு காயாது என்று அவளே யோஸ்வானிக்குச் சொல்லியனுப்பினாள்.

மிக்தாலியா யோஸ்வானியோடு வந்து முகம் புதைத்தாள். வெகுநேரம் முகத்தை எடுக்கவில்லை. பேட்டையில் மிஞ்சியதிலேயே மூத்த மேளம் அது. சின்னப் பெண்ணாக அவள் முதன்முதலில் ஆடியது அதன் முன்னால்தான். நியுர்க்காவைப் பார்க்காமலே எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

"டூப்ளிகேட்டுடீ கண்ணு."

"சாந்தா பார்பரா மேல சத்தியமாவாக்கா? மாமா உசுரா வெச்சிருந்தாரே."

"உங்க மாமாவையும் எவனோ ஏமாத்தியிருக்கான்."

யோஸ்வானி அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். நியுர்க்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மேளம் தங்கிவிட்டது, இவளுக்கு வேறு ஏதாவது வழியில் உதவலாம் என்று மிக்தாலியா மனதைத் தேற்றிக்கொண்டாள். எந்த வழியில் என்று அவளுக்கே தெரியவில்லை. கையில் இருந்தால்தானே கொடுப்பதற்கு!

அப்புறம் வந்தது அந்தப் பாழாய்ப்போன மாதம். கரண்ட் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. காஸ் கப்பல் வரவே இல்லை. கதவுச் சட்டம், கட்டில் கால் என்று தெருவில் கிடைத்ததெல்லாம் அடுப்புக்குப் போயிற்று. ஒரு மத்தியானம் நியுர்க்கா மூடிய கிண்ணத்தோடு மிக்தாலியா வீட்டு வாசலில் வந்து நின்றாள். சீரகமும் பூண்டும் போட்டு வேகவைத்த கறுப்பு பீன்ஸ் பயறு. இன்னொரு கையில் கொக்கிகள் தொங்கும் இரும்பு வளையம், கரி படிந்து.

"சூடா இருக்கு, சாப்பிடுங்கக்கா. உங்களுக்குத்தான் மொதக் கிண்ணம்."

"விறகு ஏதுடீ?"

"அந்த டூப்ளிகேட்டு மேளம்தான். நல்லவேளை நீங்க சொன்னீங்க. இல்லாட்டி அதை ஒடைக்க மனசு வந்திருக்குமா? ஆனா என்னமா எரிஞ்சுச்சுங்கிறீங்க! ரொம்ப நாளைக்கு அப்புறம் பிள்ளைங்க சூடா தின்னுச்சுங்க. இந்த இரும்பு மட்டும் மிச்சம். உங்க வேலைக்கு ஆகுமேன்னு எடுத்தாந்தேன்."

மிக்தாலியா வளையத்துக்குக் கை நீட்டினாள். உண்மையைச் சொன்னால் இவள் உடைந்தே போவாள். விற்றிருக்கலாமே என்று ஆயுசுக்கும் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். மிக்தாலியா வளையத்தை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"ஆறிடப் போவுதுக்கா."

மிக்தாலியா கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, அதற்குள் முகத்தைப் புதைத்தாள். மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கரண்டியை எடுத்து, நியுர்க்கா ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மணி மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள்.