நானும் சொன்ன ஆமென்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பிரசவ வலியோடு கிளம்பிய என் மனைவி வழியிலேயே மாட்டிக்கொண்டாள். குழந்தை இறந்தே பிறந்தது.

ஆறுதல் கிடைக்கும் என்றுதான் அடுத்த வாரம் சபைக்குப் போனோம். கர்த்தரோடு செய்த உடன்படிக்கையை மீறுகிறவர்களுக்கு வரும் சாபங்களைப் பற்றிப் போதகர் பிரசங்கித்தார்.

“ஞானஸ்நானம் வாங்கிக்கினு குலதெய்வத்துக்கும் பொங்கல் வெச்சாங்க. அதான் கர்த்தர் புள்ளைய எடுத்துக்கினாரு” என்றார், எங்கள் பக்கம் பார்த்தபடி. சபையே ஆமென் என்றது. பழக்கதோஷத்தில் நானும் சொல்லித் தொலைத்தேன்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். “நம்ம சாபத்தையெல்லாம் ஏசு சிலுவையில சொமந்துட்டாருன்னுதான சொல்லிக் குடுத்தாங்க? அப்புறம் எம்புள்ள எதுக்கு சொமக்கணும்? மரத்த வெட்டுனது மனுசங்க. நீங்களும் ஆமென்னு சொல்றீங்க.”

போதகரை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். இன்றும் ஜெபம் முடியும்போது என் வாயைத்தான் பார்க்கிறாள்.